கருநாரைக்கு இன்னொரு சாட்சி

பல் டாக்டர் அந்தத் தாளைக் கட்டின் அடியில் செருகி வைத்திருந்தார். எப்படியும் அது மேலே வந்துதான் தீர வேண்டியிருந்தது.

மருந்துக் கடை மாடியில் பறவைக் குழு கூடியிருந்தது. டாக்டர்தான் செயலாளர். வலசை போகிற மாதம் என்பதால் ஊரில் எல்லார் கண்ணிலும் ஏதாவது பட்டுக்கொண்டிருந்தது. உப்பளத்தில் பூநாரை. செல்போன் கோபுரத்தில் ராஜாளி. ஒருவர் அனுப்பிய வெள்ளை ஆந்தை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில், கிளையில் சிக்கிய பிளாஸ்டிக் பை.

அதற்குக்கூடத் தலைவர் சிரிக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி ஒரு சாண் நிலத்தைக்கூட எழுதாதவர். அதுவரை அந்த வட்டாரத்தில் காணாத பறவை என்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும் என்ற விதி அவர் போட்டதுதான்.

கடைசித் தாளில் இருந்தது கருநாரை. அனுப்பியது தலைவரின் மகள்.

அவர் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போய்ப் பதினோரு வருடம். இனி அவள் பேச்சே எடுக்கக் கூடாதென்று அன்றே வீட்டில் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கடிதம் போட முடியாதவள் குழுவுக்குப் பறவைகளை அனுப்பினாள். முன்பு இரண்டு முறை. இரண்டையும் சாட்சி இல்லையென்று தலைவரே தள்ளினார்.

இந்த முறை அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். இதுவும் ஏற்கப்படாவிட்டால் இனி அனுப்பமாட்டேன்.

சாட்சி என்ற கட்டத்தில் டாக்டர் விரலை வைத்தார்.

‘ஏரியின் எதிர்க்கரையில் ஒரு பெரியவர் அரை மணி நேரம் நின்றிருந்தார். கையில் பைனாகுலர் இருந்தது. யாரென்று தெரியவில்லை.’

மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே இறங்கும்வரை டாக்டர் பேசவில்லை.

“அன்னைக்குக் காலைல பல்லு வலின்னு நீங்க என்கிட்ட வந்ததா உங்க வீட்ல அம்மா சொன்னாங்க, அய்யா. நானும் ஆமான்னுட்டேன்.”

தலைவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பேரெல்லாம் வேண்டாம். காலு என்ன நிறம், அலகு என்ன நிறம், அது மட்டும் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்.”

தலைவர் பேனா மூடியைத் திறந்தார். கௌரவம் போனால் போகட்டும் என்று பதினோரு வருடத்தில் முதல் முறையாகத் தோன்றியது.

மகள் எழுதியிருந்த வர்ணனையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். அடுத்தவர் தாளைப் பார்த்து எழுதும் பழக்கம் அவருக்கில்லை. புத்தகம் சொல்லும் நிறம் மனப்பாடம். ஆனால் சாட்சி என்றால் கண்ணால் கண்டது வேண்டும்.

கண்ணை மூடினார். ஏரி வந்தது. நாணல் வந்தது. பறவை வரவில்லை.

அந்த அரை மணி நேரமும் பைனாகுலரின் வட்டத்துக்குள் இருந்தது ஒரு பெண்ணின் காதோரம்தான். அங்கே நரை விழுந்திருந்தது.



பிறகு, முன்பு இரண்டு முறை எழுதியதையே எழுதினார்.

‘ஏற்க இயலாது. சாட்சி இல்லை.’