பச்சைக் கூரைக்குப் போகும் வழி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. எங்கள் கவுன்டி கோர்ட்டில், என் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். உரக்கச் சொல்கிற கதையில்லை இது.

எங்கள் ஊருக்குப் புதிதாகக் குடிவந்த மார்னி என்ற பெண், அன்று ஓடிவந்து அங்கிருந்த கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள்.

அது எல்லாருக்கும் பொதுவான கம்ப்யூட்டர். கிளார்க் வெர்லீனின் கவுன்டருக்கு எதிரே, சுவரோரமாக இருக்கிறது. யாரும் வரலாம், யார் பெயரையும் அடிக்கலாம். முதலில் குடும்பப் பெயர், அப்புறம் சொந்தப் பெயர். அந்த ஆள்மேல் எங்கள் கவுன்டியில் குற்றம் ஏதாவது பதிவாகியிருந்தால் திரையில் வந்து நிற்கும். எதற்குப் பார்க்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

வண்டிப் பதிவுக்காக நின்றிருந்த கிழவர் ஓர்வில் சும்மா இருப்பாரா?

"என்ன பொண்ணே, மாப்பிள்ளை பாக்குறியா? என் பேரைப் போட்டுப் பாரேன். என் குத்தத்தையெல்லாம் நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள பனி விழ ஆரம்பிச்சிடும்."

மார்னி உதட்டை இழுத்துச் சிரித்து வைத்தாள்.

அவள் அடித்துக்கொண்டிருந்தது தன் பெயரைத்தான்.

வந்துவிட்டது. கெல்சோ, மார்னி. பிறந்த தேதி, முகவரி. குற்றம்: அதிவேகம்.

மகள் டெஸ்ஸுக்குக் காய்ச்சல் கொதித்த அன்று மருந்துக்கு விரைந்தபோது பிடிபட்டது அது. எங்கள் பக்கம் அதுவும் குற்றக் கணக்கில்தான் சேரும். நீதிபதி முன்னால் போய் நிற்கப் பயந்து, ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு, தபாலிலேயே அபராதத்தை அனுப்பிவிட்டாள். கட்டினால் பெயர் மறைந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள், பாவம். ஒப்புக்கொண்டு கட்டியதால்தான் குற்றம் பதிவில் நிலைத்தது.

வாரப் பத்திரிகையில் கோர்ட் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பேப்பர்லயே வந்துட்டியே, பெரிய ஆளுதான்!" என்று மளிகைக்கடைப் பெண் கேலி செய்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடிவந்தாள்.

கர்ட் என்று ஒருவன். அவள் கணவன். போன குளிர்காலத்தில் அவள் கையை முறித்தவன். மாவுக்கட்டோடு, தூங்கும் குழந்தையைக் காரில் போட்டுக்கொண்டு, மூன்று மாநிலம் தாண்டி இங்கே வந்தாள். வாசலில் பெயர் எழுதவில்லை. போன் வைத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒளிந்தவளின் பெயரும் முகவரியும் இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கத் திறந்து கிடந்தன.

"மார்னி கண்ணு," கவுன்டரிலிருந்து வெர்லீன் கூப்பிட்டாள். "உன் அண்ணன் வந்திருந்தாரே, பாத்தியா? நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். அதே நாற்காலியில உக்காந்து உன் பேரைத்தான் தேடினார்."

மார்னிக்கு அண்ணன் கிடையாது.

"எப்படி... எப்படி இருந்தார்?"

"நல்ல உயரம். பேச்சு வெண்ணெய் மாதிரி. இடது கட்டைவிரல்ல நகம் இல்ல."

அது கர்ட்டின் விரல்.

"ரோட்டு நம்பரை வெச்சுக்கிட்டு வீட்டைக் கண்டுபிடிக்க முடியலியாம். இங்க எவனுக்கு நம்பர் தெரியும்? நான்தான் வழி வரைஞ்சு குடுத்தேன். பாலத்தைத் தாண்டி, தண்ணித் தொட்டிகிட்டத் திரும்பி..."

அதற்குமேல் மார்னியின் காதில் விழவில்லை. பள்ளிப் பேருந்து டெஸ்ஸை வாசலில் இறக்கிவிடும் நேரம் இது. எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கார் சாவி கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தாள்.

வெர்லீன் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வேலை நேரத்தில் அவள் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. மார்னியின் மணிக்கட்டைப் பிடித்தாள். முறிந்து கூடிய கை என்று தெரிந்தவள்போல, மெல்லப் பிடித்தாள்.

"உனக்கு அண்ணன் இல்ல. அப்படித்தானே?"

மார்னி தலையாட்டினாள்.

"மன்னிச்சுக்கோடி. உன் மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன். எனக்கு அப்பவே சந்தேகம். கூடப் பொறந்தவன்னா, 'எப்படி இருக்கா'ன்னு கேப்பான். இவன், 'பக்கத்துல வேற வீடு ஏதாவது இருக்கா'ன்னு கேட்டான்."

"ஆனா வழிய வரைஞ்சு குடுத்துட்டீங்களே! என் குழந்தை..."

சாவியைப் பொறுக்கிக் கொடுத்தவர் ஓர்வில். அவர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

"குடுத்தா. பச்சைக் கூரை வீட்டுக்கு. வெளியாளு எவன் வந்து எந்த வீட்டுக்கு வழி கேட்டாலும் நாங்க மொதல்ல அங்கதான் அனுப்புவோம். நீ வந்த அன்னிக்கு உன்னையும் அங்கதானே அனுப்பினோம்?"

மார்னிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

வந்த அன்று வழி தப்பிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பச்சைக் கூரை. வாசலில் ஒரு பெரிய உருவம். டெஸ்ஸுக்குச் சூடாகப் பால், அவளுக்குக் காபி. அந்த வீட்டுக்காரர் மாவுக்கட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தன் வண்டியை முன்னால் விட்டு, அவள் வாடகை வீடுவரை வந்து காட்டிவிட்டுப் போனார். தொப்பிக்குப் பக்கத்தில் துப்பாக்கி தொங்கியது. எங்கள் பக்கம் எந்த வீட்டில்தான் தொங்கவில்லை?

கவுன்டரில் போன் அடித்தது. வெர்லீன் எடுத்துக் கேட்டாள்.

"வந்துட்டானா, ஷெரிஃப்? காபியைக் குடுத்து உக்கார வெச்சுக்கோங்க. குழந்தை எறங்குற பேருந்துகிட்ட உங்க பையன் நிக்கிறானா? சரி. மார்னி இங்க எங்கிட்டதான் இருக்கா."

அன்று பால் கொடுத்த பச்சைக் கூரை வீட்டுக்காரர்தான் ஷெரிஃப், எங்கள் கவுன்டிப் போலீஸின் தலைவர் என்று மார்னிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவளுக்குப் பின்னால் திரையில் பெயர் அப்படியே நின்றது. பொதுப் பதிவு, வெர்லீனாலும் அதை அழிக்க முடியாது.

போய்ப் படுங்கள், செல்லங்களா. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் கை என்றைக்கும் நல்ல கையாக இருக்கட்டும். அப்படி இல்லாத ஒருவன் வழி கேட்டு வந்தால், உங்கள் வாசலுக்கு முன்னால் அவனுக்கு ஒரு பச்சைக் கூரை எதிர்ப்படட்டும்.