நடுவில் ஒரு பலகை

"நடுவுல எதுக்குக்கா இந்தப் பலகை?"

"நீ பக்கத்துல நின்னா எனக்குக் கவனம் சிதறுது. அவ்வளவுதான்."

பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் நின்றபோது சிதறாத கவனம்! தம்பி வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டான்.

அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் படம் வரைவார்கள். மூலையில் 'ரெண்டு ஆணி' என்று கையெழுத்து. தம்பி நெட்டை ஆணி, அக்கா குட்டை ஆணி.

பங்க் பாட்டு என்றால் இருவருக்கும் உயிர். முரட்டு கிடார், அதைவிட முரட்டு டிரம்ஸ், தொண்டை கிழிய ஒரு கத்தல். இரண்டு நிமிஷத்தில் பாட்டு முடிந்துவிடும். படமும் அப்படியேதான். பாட்டு தொடங்கியதும் ஒரே கேன்வாஸில் ஆளுக்கொரு பாதியாகக் கறுப்புக் கோடுகளை இழுத்துத் தள்ளுவார்கள். பாட்டு நின்றால் பிரஷ்ஷும் நிற்க வேண்டும். அப்புறம் ஒரு புள்ளிகூடத் திருத்தக் கூடாது.

"என்னங்க இது, ஆளாளுக்குத் தப்பா வாசிக்கிறாங்க?" என்று யாராவது முகம் சுளித்தால் அக்கா சிரிப்பாள்.

"ஒருத்தன் மட்டும் தப்பா வாசிச்சாத்தாங்க தப்பு. மொத்தக் கூட்டமும் சேர்ந்து தப்பா வாசிச்சா அதுக்குப் பேர் பாட்டு."

இப்போது இந்த வீட்டில் தப்பு செய்வது ஒருத்தன் மட்டும்தான்.

தம்பிக்குக் கை நடுக்கம் ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. "கூடத்தான் செய்யும், குறையாது. குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றான். அக்காவிடம் மூச்சு விடவில்லை. டீயை அரை டம்ளராகக் குடித்தான். பட்டன் போடும் தொல்லை வேண்டாமென்று டி-ஷர்ட்டுக்கு மாறினான்.

ஆனால் கோடு காட்டிக்கொடுத்துவிட்டது. அக்காவின் வலது கை ஸ்கேல் இல்லாமலே நூல் பிடித்த மாதிரி இழுக்கும். அதன் பக்கத்தில் இவன் கோடு குளிர்காய்ச்சல் வந்ததுபோல் உதறிக்கொண்டு நின்றது. அக்கா அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள். மறுநாள்தான் கேன்வாஸுக்கு நடுவில் பலகை வந்தது.

கழற்றிவிடப் போகிறாள். வேறென்ன?

அதன்பிறகு பாட்டு நின்றதும் அவன் பால்கனிக்கு ஓடிவிடுவான். அக்கா கேன்வாஸைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். "காயட்டும். கேலரிக்காரம்மா வந்ததும் மொத்தமா பார்த்துக்கலாம்" என்பாள். அவனுக்கும் அதுவே நிம்மதியாக இருந்தது. தன் கோட்டைத் தானே பார்க்கும் தைரியம் போய்விட்டது.

ஒருநாள் சமையலறையில் அக்கா அடங்கிய குரலில் போன் பேசுவது காதில் விழுந்தது.

"அவன்கிட்ட இப்போதைக்கு எதுவும் கேட்காதீங்கம்மா. சனிக்கிழமை நேர்ல வாங்க. படத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. படிப்பு கிடையாது, வேறு தொழில் தெரியாது. அக்கா கைவிட்டால் இந்த வயதில் எங்கே போவான்?

சனிக்கிழமை காலை கடைசிப் படம். பாட்டு காதைக் கிழித்தது. தம்பி வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்து வரைந்தான். அப்படியும் பிரஷ் துள்ளியது. பலகைக்கு அந்தப் பக்கம் அக்காவின் பிரஷ் தடாலென்று கீழே விழுந்தது.

"சனியனே!" என்றாள்.

யாரைச் சொல்கிறாள்? அவன் திரும்பவே இல்லை.

பாட்டு நின்ற நொடியில் வாசல் மணி அடித்தது. கேலரிக்காரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சுவரோரம் போனார். ஒவ்வொரு கேன்வாஸாகத் திருப்பினார். தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"இதுல எது யாரோட பாதி?" என்றார் அந்த அம்மா.

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே தொடர்ந்தார்.

"இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் கோடெல்லாம் உதறுது. பழைய படத்துல எல்லாம் கோபம்தான் இருந்தது. இதுல பயம் இருக்கு. பார்க்கிற எனக்கே கை சில்லுனு ஆயிடுச்சு. அடுத்த மாசமே கண்காட்சி வெச்சிடலாம். ரெண்டு பேரும் தயாரா இருங்க."

ரெண்டு பேருமா? தம்பி கண்ணைத் திறந்தான்.

அக்காவின் பாதியும் அவனுடையதைப் போலவே உதறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு படத்திலும்.

சந்தோஷப்படத் தோன்றவில்லை. அவனுக்கு உயிரே போய்விட்டது. 'குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?' அக்காவுக்குமா? அவளும் மறைத்தாளா? அதற்குத்தான் பலகையா? இரண்டு மாதமாக அவளை மனசுக்குள் திட்டித் தீர்த்தோமே!

"அக்கா, கையை நீட்டு."

"எதுக்குடா?"

"நீட்டுக்கா!"

அக்கா தயங்கித் தயங்கி வலது கையை நீட்டினாள். ஒரு விரல்கூட அசையவில்லை. இவ்வளவு நேரம் வரைந்தும், அதில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த இடது கையிலிருந்துதான் பெயிண்ட் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.