ஒரு தடவை கேட்டாச்சு

“ஏட்டி, சென்சார்தான் கோளாறு. என் புரோகிராம்ல ஒரு தப்பும் கிடையாது,” என்றான் தேவா.

தென்காசியில் அவர்களுடைய மாடி அலுவலகத்தில், குற்றால அருவிக்காகச் செய்த அறிவிப்புப் பலகை சோதனைக்காக எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஏறினால் ‘தடை’ என்று சிவப்பாக மாற வேண்டும். ரெபேக்காள் சென்சாரை வாளித் தண்ணீரில் முக்கி அரை மணி நேரம் ஆயிற்று. பலகை இன்னமும் பச்சையாகப் பல்லைக் காட்டியது: ‘குளிக்கலாம்’.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். “சென்சார் சரியாத்தான் சொல்லுது. ஒன் லூப்தான் திரும்பிப் பாக்கல. தடை வந்தாச்சா, வந்தாச்சான்னு ஒவ்வொரு சுத்துக்கும் கேக்கச் சொல்லி எழுதியிருக்கே. ஆனா லூப்புக்குள்ள அத மாத்துத வரி ஒண்ணுகூட இல்ல. நீ எழுதினத மெஷினுக்குப் புரியுத மாதிரி மாத்திக் குடுக்குத கம்பைலர் என்ன செய்யும்? இது மாறவே மாறாதுன்னு நெனச்சு, லூப்புக்கு வெளியவே ஒரு தடவ கேட்டுட்டு, உள்ள இருந்த கேள்வியத் தூக்கிருச்சு. வெளியேருந்து மாறலாம்னு நீதான் அதுக்குச் சொல்லியிருக்கணும்.”

தப்பு தன்னுடையது என்று தெரிந்ததும் தேவாவுக்குக் கம்பைலர் மேல் திடீர் மரியாதை பிறந்தது.

“மாறாதத ஒரு தடவ கேட்டாப் போதும்லா? சும்மா சும்மா கேட்டா நேரந்தான் வீணு. அதுக்கும் என்னைய மாதிரியே மூள!”

“நம்ம கல்யாணத்தப் பத்தி உங்கப்பாட்ட எத்தன தடவ கேட்டே?”

“ஒரு தடவதான். மூணு வருஷம் ஆச்சு. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு வேண்டாம்னுட்டாரு. ரிட்டயர்டு போலீஸ்காரரு, சொன்னா சொன்னதுதான்.”

“இன்னொரு தடவ கேளேன். எனக்காவ. இன்னைக்கே.”

“தெரிஞ்ச பதில எதுக்குட்டி திரும்பக் கேக்கணும்? அவராவது மாறுததாவது! இப்படியே ஓடட்டும்.”

அப்பாவிடம் வாய் திறக்கப் பயந்து கழித்த மூன்று வருஷத்துக்கும் நிதானம் என்று பெயர் வைத்திருந்தான் அந்த மகாவீரன். இன்று அதற்கு ஒரு கம்பைலரும் சாட்சிக்குக் கிடைத்ததில் அவனுக்குப் பரம திருப்தி.

ரெபேக்காள் செல்போனை எடுத்து ஏதோ தட்டி அனுப்பிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“யாருக்கு மெசேஜ்?”

“உங்கப்பாவுக்கு. நேத்து எங்க வீட்டுக்கு வந்து, ஒனக்கு என்னையப் பொண்ணு கேட்டாரு. ஒரு நாள் யோசிச்சுச் சொல்லுதேன்னேன். வேண்டாம்னு இப்பதான் சொல்லியிருக்கேன்.”