வாசலில் கழற்றிய பூட்ஸ்

செத்த நண்பனையே வாசலில் பூட்ஸைக் கழற்ற வைத்தவன், ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் ஊரிலேயே நான் ஒருவன்தான். வியட்நாம் போர் முடிந்தும் ஐம்பது வருடமாக ஒரே கனவு: என்னோடு போரிட்ட அந்த நண்பன் டெஸ்மண்ட் கண்ணிவெடியை மிதிப்பான், நான் தூக்கத்தில் உதைப்பேன், மனைவி நோரீன் கட்டிலிலிருந்து விழுவாள். எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை.

"கனவோட முடிவை மாத்தி, தினமும் பகல்ல ஒத்திகை பாருங்க" என்றார் மருத்துவர். டெஸ்மண்ட் மிதிக்கும் முன் அவனை எங்கள் வீட்டுக்கு அழைத்து, பூட்ஸைக் கழற்றச் சொல்வதாக மாற்றினேன். மாதக்கணக்கில் பலனில்லை.

"இன்னிக்கும் உதைச்சா மக வீட்டுக்குப் போயிடுவேன், கிளைவ்" என்றாள் நோரீன் ஒரு இரவு.

அன்றிரவு நான் உதைக்கவில்லை. காலையில் பின்வாசலில் ஈரமான ராணுவ பூட்ஸ். அங்கிருந்து சமையலறைக்குச் செம்மண் பாதத் தடங்கள். திரும்பிய தடம் இல்லை.

"பழைய கடையில வாங்கிட்டு வந்து நடிக்கிறியா, கிழவா?" என்று துடைப்பத்தோடு உள்ளே போனாள் நோரீன். சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து அவள் குரல்:

"கிளைவ்! பூட்ஸைக் கழட்டச் சொன்ன வாய், காலைக் கழுவவும் சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பையன் டீ கேக்குறான். சர்க்கரை எத்தனை?"