சாமி பிடித்த கை

இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் வாத்தியார். சைக்கிள் விட வாத்தியார், தையல் மிஷினுக்கு வாத்தியார். அடி வாங்கவும் ஒரு வாத்தியார் வருவார் என்று நான் நினைத்ததில்லை, அதுவும் பொம்பளை வாத்தியார்.

நான் போனபோது அந்த வசந்தா, பெருமாள் கோயில் களத்தில் வீரப்பனின் தலைமயிரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் அலறினான். சுற்றி நின்ற பத்து ஆம்பளைகளில் ஒருவனும் தடுக்கவில்லை.

"வுடும்மா அவன" என்று கிட்டே போனேன்.

வீரப்பன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "அவங்க இழுக்கல பெரிப்பா. அவங்க கைய நான் புடிச்சிக்கினு நானாத்தான் போறேன். இப்ப பாரு."

பார்த்தேன். அவள் வெறும் கையை மூடி அவன் தலைமேல் வைத்திருந்தாள். ஒரு மயிர்கூட அவள் பிடியில் இல்லை.

"அடிக்கிறவன் சண்டைய நடத்தக் கூடாது. அடி வாங்குறவன்தான் நடத்தணும்" என்றாள். வில்லியனூர்க்காரி. பதினைந்து வருஷம் நாடகக் கம்பெனியில் கத்திச் சண்டை போட்டவளாம், உடம்பில் ஒரு தழும்பு கிடையாதாம். தழும்பு இல்லாதவள் என்ன சண்டை போட்டிருக்கப் போகிறாள்?

பாகூர் பக்கத்தில் எங்கள் ஊர் இரணியன் கூத்துக்குப் பேர் உண்டு. நரசிம்மம் கட்டுவது நெல் மண்டி முதலாளி ஜெகநாதன். அவன் அப்பன் காலத்திலிருந்து அந்த வேஷம் அவர்கள் வீட்டுக்குத்தான். காகிதத் தூணைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததும் அவன் மேல் சாமி வந்துவிடும். நிஜமாகவே இரணியனைக் குதறிவிடக் கூடாதே என்று, அவன் இடுப்பில் கயிறு கட்டி நாலு பேர் இழுத்துப் பிடிப்போம். நான் பிடிக்க ஆரம்பித்து நாற்பது வருஷம் ஆகிறது.

போன வருஷம் கயிற்றையும் மீறி, இரணியன் கட்டிய வீரப்பனின் இடது கை முறிந்தது. அறுப்பு முழுக்க மூங்கில் பத்தை கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தான். சாமி பிடித்த கை, கொடுத்து வைத்தவன் என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன். அதற்கு முந்தின வாரம்தான் அவன், மண்டியில் நெல் அளக்கிற மரக்கால் சின்னது என்று கடைத்தெருவில் நின்று சத்தம் போட்டிருந்தான். பெரிய மனுஷனைப் பேசினதற்குச் சாமி கொடுத்த கூலி என்று சொன்னவர்களும் உண்டு.

இந்த வருஷம் வீரப்பன் ஒரே பிடியாக நின்றான். "வசந்தாம்மா சொல்லிக் குடுத்தாத்தான் வேசம் கட்டுவேன். மொதலாளியும் வந்து கத்துக்கணும்." இரணியன் பாட்டு முழுசும் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். ஊர் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டது.

இருபது நாள் சாயங்காலம் இதே வேலை. ஜெகநாதன் கையை முறுக்குவான். வீரப்பன் அவன் முழங்கையில் இரண்டு தட்டு தட்டுவான். உடனே விட வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை.

"யோசிக்காதீங்க மொதலாளி. தட்டுனா கை தானா தெறக்கணும்" என்று வசந்தா விரட்டினாள்.

"இரணியன் மூணு லோகத்த ஆண்டவன். இவன் பொம்பளைகிட்ட அடி வாங்கக் கத்துக்கறான்" என்றான் ஜெகநாதன்.

"அடி வாங்கத் தெரிஞ்சவன்தான் மறுநாளும் மேடை ஏறுவான்."

"இதெல்லாம் எனக்குத்தாம்மா. சாமி வந்துட்டா நான் பொறுப்பில்ல." வீரப்பனின் வலது கையைப் பார்த்துக்கொண்டே ஜெகநாதன் அதைச் சொன்னான்.

"நியாயந்தானே" என்றேன் நான். "தட்டுனா சாமிக்குக் கேக்குமா?"

"கேக்காதுல்ல பெரிப்பா?" என்று வீரப்பன் என்னிடமே திருப்பிக் கேட்டான். "சாமின்னா கேக்காது. சரிதானே?"

கூத்து ராத்திரி, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் தூண் கிழிந்தது. ஜெகநாதன் கண் சிவந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு பாய்ந்தான். கயிறு எங்கள் நாலு பேரையும் மண்ணோடு இழுத்தது. பெண்கள் கர்ப்பூரம் ஏற்றினார்கள்.

வீரப்பனின் வலது கை அவன் பிடியில் விழுந்தது. என் உள்ளங்கை கயிற்றில் எரிந்தது. இந்தக் கையும் போச்சு என்று நினைத்தேன்.

வீரப்பன் இரண்டு தட்டு தட்டினான்.

ஜெகநாதனின் கை திறந்துகொண்டது. கயிறு தொய்ந்து விழுந்தது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, தன் கையையே பார்த்தபடி நின்றான். கர்ப்பூரத்தோடு வந்த அவன் பெண்சாதி விசாலாட்சி, யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல் நின்றாள். அவன் மறுபடி உறுமிப் பார்த்தான். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீரப்பனிடம் போனேன். "ரொம்ப முறுக்கிட்டாராடா?"

"முறுக்கவே இல்ல. கை வச்ச ஒடனே தட்டிட்டேன்."

"வலிக்காமயே தட்டுனியா? இன்னாத்துக்கு?"

அவன் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சாமியவே சோதிக்கறியா? நல்லதுக்கில்லடா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நாற்பது வருஷம் கயிறு பிடித்தவன் நான். இருபது நாள் பாடத்தை வைத்துக்கொண்டு யார் எதைக் காட்டினாலும் நம்ப மாட்டேன்.

முதுகுக்குப் பின்னால் அவன் குரல் வந்தது.

"சாமிய இல்ல பெரிப்பா. என் கைய ஒடிச்சவன."