ஷைனியின் ஸ்பிரேயில் என்ன இருக்கிறது?

"பொய் சொல்லாத ஷைனி. உன் ஸ்பிரேல இன்னாவோ ஒண்ணு சேக்கற, எங்கிட்ட மட்டும் மறைக்கற!"

கையில் தான் காய்ச்சிய ஸ்பிரே பாட்டிலோடு பக்கத்து போர்ஷன் வாசலில் நின்றாள் கிரேஸ். உள்ளே ஷைனி, வெட்டிவேர் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவர் மேல சத்தியமா இல்லக்கா. வெட்டிவேரு, நாலு கிராம்பு, எலுமிச்சத் தோலு, ஒரு மூடி வினிகரு. அவ்ளோதான்."

"அதையேதான் நானும் போட்டேன். எங்க ஊட்டு பீரோவத் தொறந்தா டயரு கடைல நிக்கறா மாதிரி கீது. உங்க ஊட்டு பீரோ மட்டும் எப்டி மணக்குது?"

கிரேஸின் கவலை சின்னக் கவலை இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவள் புருஷன் ஜெயராஜுக்கு ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை. ஷைனியின் புருஷன் சாம்சனுக்கு வேறொரு ரப்பர் கம்பெனி. யூனிபார்மை எத்தனை முறை துவைத்தாலும் அந்த நாற்றம் போகாது. ஒரே ரூம், ஒரே பீரோ என்று இருக்கிற வீட்டில் அது எல்லாத் துணியிலும் ஏறிவிடும். கிரேஸின் மகள் பிரின்சியை வகுப்புப் பிள்ளைகள் 'டயரு' என்றே கூப்பிடுகிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரின்சிக்குப் புதுநன்மை; சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். அவளுடைய புது வெள்ளை கவுனும் அந்த பீரோவுக்குள்தான் தொங்குகிறது. "மா, சர்ச்சுலயும் என்ன டயருன்னு கூப்புடுவாங்களா?" என்று குழந்தை கேட்டதிலிருந்து கிரேஸுக்குச் சோறு இறங்கவில்லை.

ஷைனி வீட்டிலும் போன மாதம்வரை இதே கதைதான். திடீரென்று ஒருநாள் இந்த ஸ்பிரேயைக் காய்ச்சினாள். மூன்றே வாரம்! சாம்சனின் யூனிபார்ம் கடையில் வாங்கிய புதுத்துணி மாதிரி ஆகிவிட்டது. லைன் வீடு முழுக்க இதே பேச்சு.

சும்மா இருப்பாளா கிரேஸ்? அவளும் காய்ச்சினாள். முதல் தடவை சரியாக வடிகட்டாமல் அடித்ததில் சட்டையெல்லாம் பழுப்புக் கறை. இரண்டாம் தடவை கிராம்பை ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டாள். "கேன்டீன்ல ஒவ்வொருத்தனா வந்து என் சட்டைய மோந்து பாத்துட்டு, 'இன்னாபா, ஊட்ல பிரியாணியா'ன்னு கேக்கறானுங்க. ஒரே பேஜாராப் போச்சு" என்று ஜெயராஜ் தலையில் அடித்துக்கொண்டான். ரப்பர் நாற்றம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கூடவே பிரியாணி வாசமும் குடிவந்ததுதான் மிச்சம்.

ஷைனியின் குப்பைக் கூடையைக்கூடக் கிளறிப் பார்த்துவிட்டாள். பிழிந்த எலுமிச்சையும் சக்கையான வேரும்தான் இருந்தன.

"வேரு எங்க வாங்கற? பெரியபாளையத்துலயா?"

"நம்ம பஜார்லதான்கா. நீ வாங்கற அதே கடை."

அப்போது வாசலில் பைக் வந்து நின்றது. சாம்சன் உள்ளே வந்தான்.

"டூட்டி முடிஞ்சுதா தம்பி?" என்றாள் கிரேஸ்.

"ம்" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஷைனி உடனே பாட்டிலை எடுத்து அதன் மேல் முன்னும் பின்னும் புஸ்புஸ்ஸென்று அடித்தாள்.

"பாத்தீங்களா, இன்னா வாசன! இந்த ஸ்பிரே வந்ததுல இருந்து கம்பெனி நாத்தம் போன எடம் தெரில" என்றாள் புருஷனிடம்.

சாம்சன் துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குளிக்கப் போனான்.

கிரேஸ் சட்டையை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தாள். வேர்வை வாசம் இருந்தது, வெட்டிவேர் வாசம் இருந்தது. ரப்பர் வாசம் மருந்துக்கும் இல்லை! ஒரே ஓட்டமாகத் தன் வீட்டுக்குப் போய் ஜெயராஜின் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"உன் பாட்டிலு, உன் கையி. எங்கண்ணு முன்னால அடி, பாக்கலாம்."

ஷைனி தயங்கித் தயங்கி அடித்தாள். சட்டை காய்ந்ததும் கிரேஸ் முகர்ந்தாள். அதே டயர் கடை.

"பாத்தியா? இன்னாவோ மறைக்கறேன்னு சொன்னேன்ல? சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவ? எம்பொண்ணு பீடத்து முன்னால கூனிக்குறுகி நிக்கணுமா?" கிரேஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷைனியின் முகம் வாடிப்போனது. பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கிரேஸின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள்.

"அக்கா, அழுவாத. பிரின்சி கவுன அலசி எங்க பீரோல மாட்டிடு. ஞாயித்துக்கெழம வரைக்கும் இங்கயே இருக்கட்டும். ஒரு நாத்தமும் ஏறாது, நான் கேரண்டி."

"அது எப்டி ஏறாது? உம்புருஷனும் ரப்பர் கம்பெனிதான?"

ஷைனி குரலைத் தாழ்த்தினாள்.

"அவுருக்கு வேல பூட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆவுதுக்கா, எங்கிட்ட சொல்ல மனசு வராம தெனம் யூனிபார்ம் மாட்டிக்கினு கெளம்பிடறாரு. சட்டைல நாத்தம் இல்லாதத நான் கண்டுபுடிச்சிட்டேன்னு அவுரு தெரிஞ்சிக்கக் கூடாதுன்னுதான், இந்த ஸ்பிரேவே!"