பஸ்ஸில் போகலாமே

இவருக்கு எதற்குத் திடீரென்று பஸ்மேல் இத்தனை பாசம்?

ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் இதையே மென்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் கணவன், புதுச் சட்டை போட்ட பள்ளிப் பிள்ளைபோல விறைப்பாக.

தெருமுனைக் கடைக்கே காரை எடுக்கிற ஆள். அவன் பஸ் நிறுத்தத்தில் நின்று அவள் பார்த்ததேயில்லை.

இனி அவள் வேலைக்குக் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போகலாமே என்று ஒரு வாரமாக ஒரே பாட்டு. நெரிசலில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம், பார்க்கிங் தேடி அலைய வேண்டாம், ஊருக்குப் புகை குறையும். அவளுக்கென்று பஸ் கார்டும் வாங்கி வந்துவிட்டான். இன்று விடுமுறை. ஒத்திகைக்குத் துணையாக அவனே வந்திருந்தான்.

காரை விற்கப் போகிறானா? தங்கைக்குத் தூக்கிக் கொடுக்கப் போகிறானா? நாத்தனாருக்கு அதன்மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

கார் போனால் போகட்டும். வேலை முடிந்து வரும் வழியில், ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாளே, அது போய்விடக் கூடாது. யாரையும் பார்க்க அல்ல. யாருக்கும் மனைவியாக, அம்மாவாக, மருமகளாக இல்லாமல் இருக்க. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் 'டிராஃபிக்' என்று சொல்லிச் சமாளித்து வந்தாள்.

பஸ் ஏரிக்கரையிலும் நின்றது. நிறுத்தத்தை ஒட்டி, தண்ணீரைப் பார்த்தபடி ஒரு கல் பெஞ்சு.

அடடா, இதில் வந்தாலும் இறங்கி உட்காரலாம்தான். பாவம், மனுஷனைத்தான் வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டோமோ?

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்கள். கதவருகே இருந்த கருவியில் அவள் கார்டை வைத்தாள். 'பீப்'.

அவன் சட்டைப்பையில் போன் சிணுங்கியது.

ஏறும்போதும் இப்படித்தான் சிணுங்கியது. அப்போதும் அவன் எடுத்துப் பார்க்கவில்லை. ஒரு மெசேஜ் வந்தால் சோற்றுக் கையோடு ஓடுகிறவன்.

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் வாங்கியது, அவன் நம்பரில். எங்கே ஏறினாள், எங்கே இறங்கினாள், எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஏறினாள், எல்லாம் அந்தச் சட்டைப்பைக்குப் போய்ச் சேரும்.

"எப்படி, சொகுசா இல்ல? நாளையிலேருந்து பஸ்தானே?" என்றான்.

"பஸ்தாங்க. கார நீங்களே வெச்சுக்குங்க." கார்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இது மட்டும் வேணாம். நான் கண்டக்டர்கிட்ட டிக்கெட் வாங்கிக்கிறேன்."

தொட்டதற்கெல்லாம் ஏன், எதற்கு என்று குடைகிறவன், இதற்கு மட்டும் ஏன் என்று கேட்கவில்லை.